மாணாக்கர் யாத்திரையும் ஜப்பானியரின் ஞாபகச்சாலைகளும்

பிள்ளைகளை ஏட்டோடு நிறுத்திவிடாமல் இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுதல் வேண்டுமென்பது உபாத்தியாயர் யாவரும் ஒப்பிய கொள்கை. நம் மரபினருள் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத வீடு இக்காலத்தில் அரிது. வருஷத்துக்கு ஒருமுறை 'டூர்' என்று சொல்லிக்கொண்டு பணத்துக்கு வந்து நிற்கும் பிள்ளையை வெறுங்கையாக அனுப்பும் பெற்றோரும் அரியர். அப்பணம் எதன்பொருட்டுச் செலவாகின்றது, பிள்ளை எதைக் கண்டு மீள்கின்றது என்று விசாரிப்போரோ அவரினும் அரியர்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலையை அந்நாளில் ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகங்கள் உயிரோடிருந்த தோட்டம் 'உயிர் காலேஜ்'. இருவர் இருவராகக் கைகோத்து, பேசாதே, தொடாதே, நில்லாதே என்ற மூன்று கட்டளைகளுக்கு அடங்கி, அச்சாலையை ஒரு மணி நேரத்திற் கடந்தோம். திமிங்கிலத்தின் எலும்பும், வெளியில் மரநிழலில் உண்ட புளியோதரையும் நினைவிலிருக்கின்றன. உலகம் புகழும் அமராவதிச் சிற்பங்கள் அங்கிருந்தன என்பதைப் பிற்காலத்துப் புத்தகத்திற் படித்தே அறிந்தோம். இது யார்மேலும் குறை கூறுவதற்காகச் சொல்லியதன்று. காட்டுவது வேறு, காணச்செய்வது வேறு என்பதை உணர்த்தவே இதனைச் சொன்னோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நெடுங்காலம் அநுபவித்து, பிழையும் செய்து, திருத்தியும் வந்தவர் ஜப்பானியர். அவர்களது வரலாறு நம் அன்பர்கள் அறியத்தக்கதாதலின் ஈண்டுச் சிறிது விரித்தெழுதுகின்றோம்.

ஜப்பானில் பாடசாலை யாத்திரையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1886-ஆம் வருஷத்து நிகழ்ச்சி. அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில் டோக்கியோ உபாத்தியாயர் பயிற்சிக் கலாசாலையின் மாணாக்கர், சோஷி என்னும் கடற்கரையூர் நோக்கிப் புறப்பட்டுப் பத்து நாட்களுக்கு மேலாகக் கால்நடையாகவே சென்று மீண்டனர். வழியில் படைப்பயிற்சியும் செய்தனர். செடிகொடிகளையும் கடல்வாழ் பிராணிகளையும் ஆராய்ந்தனர். பயிற்சி பெற்ற இவ்வுபாத்தியாயர்கள் பின்பு நாடெங்கும் சென்று பள்ளிகளில் அமர்ந்தபோது வழக்கமும் அவர்களோடு சென்று வேரூன்றிற்று. படிப்பும் படையும் ஒரே மூட்டையிற் கட்டப்பட்டிருந்தன என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும்; பின்னால் வருவனவற்றுக்கெல்லாம் விதை அதுவே.

ரஷ்யாவோடு செய்த யுத்தம் 1905-இல் முடிந்தது. மறுவருஷமே ராணுவ இலாகாவும் கல்வி இலாகாவும் சேர்ந்து மாணாக்கரை மஞ்சூரியாவின் போர்க்களங்களுக்கு அனுப்பின. ஆயிரக்கணக்கானோர் மாண்ட குன்றுகளின்மீது நின்று, தம் நாட்டார் பெற்ற வெற்றியைப் பிள்ளைகள் கேட்டனர். 1930-க்குப் பிற்பட்ட வருஷங்களில் ஈஸே ஆலயத்துக்கும் அரசகுல ஞாபக ஸ்தலங்களுக்கும் செல்வது பள்ளி யாத்திரையின் உயிராயிற்று. ரெயிலில் வீண்பிரயாணம் கூடாதென்று தடை வந்த யுத்தகாலத்திலுங்கூட, இது யாத்திரையன்று, வழிபாடு என்று பெயரிட்டுச் சிலகாலம் நடத்தினர். யுத்தம் முற்றவே அதுவும் நின்றது. மாணாக்கரை இடங்களுக்கு அழைத்துச் செல்வது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அங்கே நின்று யார் என்ன சொல்லுகின்றார் என்பதில்தான் யாவும் இருக்கின்றன.

நிற்க. ஹிரோஷிமாவுக்கு வருவோம். 1945-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி காலை 8 மணி 15 நிமிஷத்துக்கு அந்நகரின்மேல் அணுகுண்டு வெடித்தது. அவ்வருஷ முடிவிற்குள் இறந்தோர் ஏறக்குறைய 1,40,000 பேர் என்பது நகரசபையார் கணக்கு. இவ்வளவும் பலர் அறிந்தது. பலர் அறியாத ஒரு செய்தியுண்டு. விமானத் தாக்குதலால் தீப்பற்றினால் அது வீட்டுக்கு வீடு தாவாதிருக்கும்பொருட்டு, நகரின் நடுவில் வரிசை வரிசையாக வீடுகளை இடித்து வெற்றிடம் செய்துகொண்டிருந்தனர். ஆண்மக்கள் போர்முனையிலிருந்தமையால், இடித்த ஓடும் மரமும் அள்ளும் வேலைக்கு நடுநிலைப்பள்ளிச் சிறுவர் சிறுமியரை ஏவினர். அன்று காலை அவ்வேலைக்கென நகருட் சென்றவர் ஏறக்குறைய 8,400 பேர். அவருள் ஏறக்குறைய 6,300 பேர் இறந்தனர். பெரும்பாலோர்க்கு வயது 12, 13. திறந்த வெளியில், வேனிற்காலத்து வெயிலில், மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கிய நேரம் அது.

ஆகவே அந்நகரத்து ஞாபகச்சாலைக்கு வரும் பள்ளிப் பிள்ளை, வேறு யாரோ ஒருவரது சரித்திரத்தைக் காண வரவில்லை; தன் வயதினரைக் காண வருகின்றது. இஃதொன்றே அச்சாலையை மற்றைச் சாலைகளினின்று வேறுபடுத்துவது.

அச்சாலை பிறந்த வகையும் கேட்கத்தக்கது. நாகவோக்கா ஷோகோ என்பவர் மண்ணியல் ஆராய்ச்சியாளர். குண்டு விழுந்தபின் இடிபாடுகளினூடே நடந்தபோது, கல்லின் முகம் உருகியிருப்பதையும் அதன்மேல் நிழல் பதிந்திருப்பதையும் கண்டு வியப்புற்று, ஓடுகளையும் கற்களையும் பொறுக்கத் தொடங்கினார். பைத்தியக்காரன் என்று அயலார் நகைத்தாலும் நகைத்திருப்பர்; வீடு முழுதும் கல்லாய் நிறைந்தால் யார்தாம் நகையார்? 1949-இல் நகரசபையார் ஒரு மண்டபத்தில் அவருக்கு அறை கொடுத்தனர். 1955-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், டாங்கே கென்ஸோ என்னும் சிற்பி வரைந்த புதிய கட்டடத்தில் ஹிரோஷிமா சமாதான ஞாபகச்சாலை திறக்கப்பட்டது. நாகவோக்காவே அதன் முதல் தலைவர்.

சாலை திறந்த இரண்டு மாதத்தில், அக்டோபர் 25-ஆம் தேதி, ஸஸாக்கி ஸடாகோ என்னும் 12 வயதுச் சிறுமி அந்நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தாள். குண்டு விழுந்தபோது அவளுக்கு வயது இரண்டு. பத்து வருஷம் ஓடியாடித் திரிந்தவளை இரத்தத்திற் பற்றிய புற்றுநோய் கொண்டுபோயிற்று. காகிதத்தில் ஆயிரம் கொக்கு மடித்தால் எண்ணியது கைகூடுமென்பது அந்நாட்டு நம்பிக்கை. மருந்துச் சீட்டையும் விடாமல் அவள் மடித்துக்கொண்டிருந்தாள். ஓர் அமெரிக்க மாது 1977-இல் எழுதி உலகெங்கும் பரவிய சிறுவர் நூலில், 644 கொக்கு மடித்தபின் அவள் இறந்ததாகவும், மிச்சத்தைத் தோழியர் மடித்ததாகவும் காண்கிறது. குடும்பத்தாரும் ஞாபகச்சாலையாரும் சொல்வது வேறு: ஆயிரத்தையும் அவள் கடந்துவிட்டாள், அதன்பின்னும் மடித்தாள். நூலாசிரியையின் கணக்குக் கண்ணீரை வருவிப்பது. உண்மைக் கணக்கோ அதனினும் கடியது. ஆயிரம் முடிந்தும் நோய் தீரவில்லையே! பிள்ளைகளுக்காகக் கதையை மெருகிடுவோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்பது நலம்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் தம் தோழிக்கும், இறந்த குழந்தைகள் அனைவர்க்கும் ஒரு ஞாபகச் சின்னம் வேண்டுமென்று பொருள் திரட்டினர். 3,100-க்கு மேற்பட்ட பள்ளிகள் காசு அனுப்பின. 1958-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி, ஜப்பானியர் குழந்தைகளுக்கென்று கொண்டாடும் நாளில், ஒன்பது மீட்டர் உயரமுள்ள அச்சின்னம் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பொருட்டு முதியோர் சமைத்ததன்று அது. பள்ளிப் பிள்ளைகளே சமைத்தது. இன்றும் அவ்விடத்துக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய ஒரு கோடி காகிதக் கொக்குகள் வந்து குவிகின்றன. எடை பத்து டன் அளவினது என்பர்.

யாத்திரை என்றால் அபாயமும் உண்டு. 1955-ஆம் வருஷம் மே மாதம் 11-ஆம் தேதி, ஜப்பானிய உட்கடலில் பனிமூட்டத்தில் இரண்டு கப்பல்கள் மோதி, ஷியுன் மாரு என்னும் கப்பல் மூழ்கிற்று. இறந்தோர் 168 பேர். அவருள் 100 பேர் யாத்திரை வந்த பள்ளிப் பிள்ளைகள். இத்துன்பத்தின்பின் அந்நாட்டார் யாத்திரையை நிறுத்திவிடவில்லை. பள்ளிதோறும் நீச்சற்குளம் வெட்டிப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பித்தனர். 1959 முதல் மாணாக்கர்க்கென்றே தனி ரெயில்களும் விட்டனர். நம் நாட்டில் ஓர் அபாயம் நேர்ந்தால் அடுத்த மூன்று வருஷத்துக்கு யாத்திரையே இல்லையென்று சொல்லிவிடும் தலைமையாசிரியர்களை நாம் அறிவோம்.

1975-இல் அதிவேக ரெயில்பாதை ஹிரோஷிமா வரையில் நீண்டது. தலைநகர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அந்நகரம் அன்றுதான் எட்டிற்று. அதன்பின்னர்க் கோயிலும் கோட்டையும் பார்த்துத் திரும்பும் வழக்கத்தை விட்டு, குண்டினின்று பிழைத்தவர் வாயாலே கேட்கவேண்டுமென்று உபாத்தியாயர் பலர் பிள்ளைகளை அங்கே அழைத்து வரலாயினர். வருவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே வகுப்பில் பாடம் தொடங்கிவிடும். நகரின் பழைய படத்தைப் பார்க்கின்றனர்; கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ளுகின்றனர்; கொக்கு மடித்து நூலிற் கோக்கின்றனர். வந்ததும் சிறுவர் சின்னத்தின் முன் வரிசையாய் நின்று உறுதிமொழி படித்து, கொக்குமாலையைச் சார்த்துகின்றனர். பிறகு ஞாபகச்சாலை, பிறகு ஒரு மண்டபத்தில் முதியவர் ஒருவரது வாய்மொழி, தோட்டத்துச் சின்னங்களை ஊதியம் வாங்காத தொண்டர் காட்டுகின்றனர். நடுநிலைப்பள்ளி வரையிலுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஊர் திரும்பியபின் எழுத்து வேலையுமுண்டு. நாம் எழும்பூரில் கடந்த ஒரு மணி நேரத்தை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளும்படி அன்பர்களை வேண்டுகின்றோம்.

சாலையினுள் எதனை வைப்பது என்பதிலும் வழக்கு எழுந்தது. 1973-இல் மெழுகுப் பொம்மைகள் சில வைக்கப்பட்டன. 1991-இல் அவற்றுக்குப் பதிலாக வேறு பொம்மைகள் வந்தன. தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னே நீட்டிக்கொண்டு நெருப்பினூடே நடந்து வரும் மூன்று உருவங்கள். பார்த்த குழந்தைகள் அலறினர். அன்றிரவு உறங்காதவரும் பலர். பின்னாளில் 'அச்சாலையில் கண்டது என்ன?' என்றால், அப்பொம்மைகளையே சொல்வர். 2017-இல் அவற்றை அகற்றியபோது, கொடுமையை மறைக்கின்றீர்கள் என்று எதிர்த்தோர் பலர். அன்று கண்டது இதனினும் கொடிது, பொம்மை அதைக் குறைத்துக் காட்டுகின்றது என்று பிழைத்தவருள்ளேயே சிலர் சொல்லினர். அகற்றியது தக்கதென்றே நாம் கருதுகின்றோம். பொம்மையைக் கண்ட குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும். 2019-இல் திருத்தி அமைத்த கூடங்களில் இறந்தவர் வைத்திருந்த பொருள்களே முதன்மை பெற்றன. உடையவர் பெயரும் வயதும், கிடைத்த மட்டில் முகப்படமும் அருகிலிருக்கின்றன.

அவற்றுள் ஒரு சோற்றுப் பெட்டி. உடையவன் 13 வயதுச் சிறுவன், நடுநிலைப்பள்ளி முதல் வகுப்பினன், வீடிடிக்கும் வேலைக்குச் சென்றவன். தாய் தானே திருத்திய கொல்லையில் விளைந்ததைக் கொண்டு அன்று சமைத்துக் கொடுத்திருந்தாள். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு போனான். தேடிச்சென்ற தாய், பெட்டியை வயிற்றோடு அணைத்தபடி கிடந்த உடலைக் கண்டாள். சோறு கரியாய்ப் போயிருந்தது. இன்றும் அப்படியே பெட்டியில் இருக்கின்றது. இதன்முன் எந்தக் குழந்தையும் கண்ணை மூடிக்கொள்ளவேண்டுவதில்லை. நின்று பார்க்கும், 'ஏன் சாப்பிடவில்லை?' என்று கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் யுத்தத்தின் கதை முழுவதும் சொல்லியாகவேண்டும்.

முழுவதும் என்று சொன்னோம். அதிலும் அந்நகரத்தார்க்கு நெடுநாள் ஒரு குறையிருந்தது. தம் நகரம் பெரும்படை தங்கிய நகரம், ஆசியாவின் பிற நாடுகளுக்குப் போன சேனைகள் தம் துறைமுகத்தினின்றே கப்பலேறின என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படாமலிருந்தது. 1994-இல் திறந்த கீழ்க்கட்டடத்தில் அதனையும் காட்டினர். குண்டுக்கு இரையான கொரியருக்கு 1970-இல் எழுப்பிய சின்னம் தோட்டத்துக்கு வெளியிலேயே நின்றிருந்தது. 1999-இல்தான் உள்ளே வந்தது. இறந்தபின்னும் ஒருவரை வெளியில் நிறுத்தும் வழக்கம் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று; நம் ஊர்ச் சுடுகாடுகளை நினைப்போர்க்கு இது விளங்கும்.

இனி ஒகினாவாத் தீவின் ஹிமேயூரி ஞாபகச்சாலையைப்பற்றிச் சொல்லவேண்டும். நம் சங்கத்தார் தனியே கருதத்தக்கது இது. அங்கிருந்த இரண்டு பெண்கள் பள்ளிகளின் சஞ்சிகைப் பெயர்களைச் சேர்த்து அமைந்த பெயரே 'ஹிமேயூரி'. 1945 மார்ச்சு 23-ஆம் தேதி இரவு, அப்பள்ளிகளினின்று 222 மாணவியரையும் 18 உபாத்தியாயர்களையும் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டனர். ஆஸ்பத்திரி என்றாலும் அது குன்றிற் குடைந்த குகைகளே. இரவும் பகலும் காயம் கழுவினர், பிணம் சுமந்தனர். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அவருள் இறந்தவர் இருபதின்மருக்கும் குறைவு. ஜூன் 18-ஆம் தேதி சேனையார், 'இனி உங்கள் விருப்பப்படி போகலாம்' என்று அவர்களைக் குண்டுமழையில் வெளியேற்றினர். அடுத்த சில நாட்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்ற 240 பேரில் இறந்தோர் 136 பேர்.

1946-இல் ஒரு குகையின் வாயிலில் அவ்வூரார் சிறு கல் நட்டனர். பின்பு கதைகளும் சினிமாப் படமும் வந்தன. யாத்திரை வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு, நாட்டுக்காக மலர்போல் உதிர்ந்த கன்னியர் என்று பிறர் அழகாகச் சொல்லிவந்தனர். உயிர்தப்பியவரோ பல்லாண்டு வாய்திறக்கவில்லை. தோழியின் தாயைத் தெருவிற் கண்டால், 'என் மகள் எங்கே, நீ மட்டும் வந்தாயே' என்று அந்த முகம் கேட்பதுபோலிருக்குமென்று ஒதுங்கிப்போவார்கள். முதுமை வந்தபின், பிறர் சொல்லும் அழகிய கதையே நின்றுவிடுமென்று அஞ்சி, அவர்களது பழைய மாணவியர் சங்கம் பொருள் திரட்டிற்று. தாம் கிடந்த குகைகளினுள் மீண்டும் புகுந்து, மண்ணைக் கிளறி, எழுதுகோல் முதலாய மாணவியர் கைப்பொருள்களை எடுத்தனர். 1989 ஜூன் 23-ஆம் தேதி ஞாபகச்சாலையைத் தாமே திறந்தனர். சங்கமென்பது கலியாண மண்டபம் கட்டவும், வருஷாந்தரக் கூட்டத்தில் மாலை மாற்றிக்கொள்ளவும் ஏற்பட்டதென்று எண்ணியிருப்போர் இதனைச் சற்று நினைப்பாராக.

நாலாம் கூடத்துச் சுவர்முழுதும் இறந்தவர் முகப்படங்கள். அப்படங்களின் நடுவே அறுபதும் எழுபதும் கடந்த அம்மையார் நின்று, வந்த பிள்ளைகளுக்குத் தம் தோழியர் இறந்த வகையைச் சொன்னார்கள். நாள்தோறும், வருஷந்தோறும் சொன்னார்கள்.

2005-இல் டோக்கியோவிலுள்ள ஓர் உயர்நிலைப்பள்ளி தன் பிரவேசப் பரீட்சையின் ஆங்கிலத் தாளில் ஒரு பகுதியை வைத்தது. யாத்திரை சென்ற மாணாக்கன் எழுதுவதாக அமைந்த அதில், அம்மையாரின் வாய்மொழி தனக்குச் சலிப்பூட்டிற்றென்றும், பலமுறை சொல்லிச் சொல்லிப் பேச்சுத் தேர்ந்துவிட்டமையால் மனத்திற் படவில்லையென்றும் கருத்து இருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பள்ளியார் ஒகினாவாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டனர். 2014-இல் நாகஸாக்கியில், குண்டினின்று பிழைத்த முதியவர் ஒருவரைப் பார்த்து, 'சாகாமல் தப்பினவனே' என்று வேற்றூர்ப் பள்ளிச் சிறுவர் சிலர் கூவினர். அதற்கும் தலைமையாசிரியர் மன்னிப்புக் கேட்டார்.

பின்னது வெறும் துஷ்டத்தனம். முன்னது அவ்வாறன்று. அவ்வெழுத்தைக் கண்டிப்பது எளிது. அதில் ஒரு துளி உண்மையிருப்பதை ஒப்புவதே அரிது. நாலாயிரம் முறை சொன்ன துக்கம் சொற்களில் வழவழப்பாகிவிடும். ஆனால் அவ்வழவழப்பு யாரால் வந்தது? சிறுவர் கூட்டம் கூட்டமாக வந்து, அரைமணி நேரத்துக்குள் அழவைக்கும்படி எதிர்பார்த்து உட்கார்ந்தமையால் வந்தது. சொல்லும் கிழவிக்கு ஒவ்வொருமுறையும் அது முதன்முறையாகவேயிருந்தது என்பதைக் கேட்போர் எப்படி அறிவர்? முன்னதாகக் கற்பித்து அழைத்துவராத உபாத்தியாயரே இதிற் பெருங்குற்றவாளி என்பது நம் துணிபு.

சொல்வோர் குறைந்து வருகின்றனர். ஹிமேயூரி அம்மையார் 2015 மார்ச்சு மாதத்தோடு சாலையில் நின்று சொல்லும் பணியை முடித்துக்கொண்டனர். அணுகுண்டினின்று பிழைத்தவரெனச் சீட்டுப் பெற்றோர் தொகை 2025 மார்ச்சில் முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிற்று. அவர்களின் சராசரி வயது 86. அவர்களது சங்கத்துக்கு 2024-இல் நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஹிரோஷிமா நகரசபையார் 2012 முதல், ஒருவரது கதையை அவரிடமே இருந்து கேட்டுப் பயின்று அவருக்குப்பின் சொல்லத்தக்க வழித்தோன்றல்களைத் தயார்செய்து வருகின்றனர். 'நான் கண்டேன்' என்று சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. 'அவர் கண்டதாக எனக்குச் சொன்னார்' என்றே தொடங்கவேண்டும். குருவின் வாயினின்று கேட்டுச் சொல்லும் முறை நமக்குப் புதியதன்று.

ஹிமேயூரி சாலையை 2021 ஏப்ரலில் மறுபடியும் திருத்தினர். இம்முறை திருத்தியவர் யுத்தத்துக்குப்பின் பிறந்தவர். இன்று வரும் பிள்ளைகளுக்குப் பாட்டியர்கூட யுத்தத்தைக் கண்டிரார் என்பதை உளங்கொண்டு, நெடிய விளக்கங்களைக் குறைத்து, நிகழ்ச்சிகளைச் சித்திரமாக வரைவித்தனர். முதற்கூடத்தில் மாணவியர் சிரித்துக்கொண்டிருக்கும் படங்களை வைத்தனர். சிரித்த முகத்தை முதலிற் கண்டபின்பே நாலாம் கூடத்துச் சுவருக்குப் பிள்ளை வந்து சேருகின்றது. வெளியேறுமுன் மனத்திற் பட்டதை எழுதிக் கொடுக்கும் வழக்கமும் அங்குண்டு. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அத்தாள்களைச் சாலையார் எறிந்துவிடுவதில்லை. தேர்ந்து தொகுத்து நூலாக அச்சிட்டு வருகின்றனர்.